அந்தத் தாய் கேட்ட இரண்டு ஆசனங்கள்



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து யான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தாய் வாசலில் வந்து நின்றார். ஐந்தாம் தரத்தில் பயிலும் மகன் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தவாறு நின்றான். முதுகிலே அவனது எடைக்குப் பாதியளவு எடையுள்ள புத்தகப்பை.

“சுவாமி, இந்த வருஷம் மட்டும் பிள்ளையை மறைக்கல்விக்கு விடாமல் இருக்கலாமோ? ஞாயிறு காலமையிலதான் ரியூசன் வைக்கினம். ஸ்கொலர்ஷிப் முடிஞ்ச உடனை கட்டாயம் அனுப்புவன்.”

யான் உடனே மறுமொழி கூறாததைக் கண்டு, தாழ்ந்த குரலில் இன்னொன்றும் கேட்டார்: “பிள்ளையை இப்பிடிப் படிப்பிக்கிறது பிழையோ, சுவாமி?”

முதற் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது கேள்வி என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. அதற்கான விடையையே இம்மாதம் உங்கள்முன் வைக்க முயல்கிறேன்.

இப்பரீட்சையை வெறுமனே பழித்துவிட்டுப் போவது நீதியன்று. இலங்கையின் முதற் கல்வி அமைச்சராக 1931 முதல் 1947 வரை பணியாற்றிய கன்னங்கரா அவர்கள் அம்பலாங்கொடைப் பகுதியின் ஒரு கிராமத்துப் பிள்ளை. புலமைப்பரிசில் பெற்றே காலி றிச்மண்ட் கல்லூரியில் கற்றவர். தமக்குக் கிடைத்த வாசல் மற்றைய கிராமத்துப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். இலவசக் கல்வியும், கிராமப் பகுதிகளின் மத்திய கல்லூரிகளும், திறமையுள்ள ஏழைப் பிள்ளையைத் தெரிந்தெடுத்து அங்கே சேர்க்கும் புலமைப்பரிசிலும் அந்த எண்ணத்தின் பிள்ளைகளே. (அக்காலத்தில் நம் திருச்சபைத் தலைவர்கள் பலர் இலவசக் கல்வித் திட்டத்தை எதிர்த்தனர் என்பதையும் இவ்விடத்தில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பாடசாலைகளை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. எனினும் ஏழையின் பக்கம் நின்றவர் யார் என்று கேட்டால், நாம் சற்றுத் தலைகுனியவே வேண்டும்.)

யான் பணிபுரிந்த கரையோரப் பங்கொன்றில், களங்கட்டித் தொழில் செய்த ஒருவரின் மகள் இப்பரீட்சையிற் சித்தியெய்தி, நகரத்து மடப் பாடசாலையின் விடுதியிற் சேர்ந்தாள். மாதாந்த உதவிப்பணம் சிறுதொகையே. ஆயினும் அந்த வீட்டில் அது பெருந்தொகை. இன்று அவள் ஆசிரியை. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்க ஆளில்லாத பாடசாலையையே அருகில் கொண்ட பெற்றோர், இந்த ஒரு வாசலில் தட்டுவதை எவர் குறைகூறக்கூடும்? 2009ஆம் ஆண்டில், யாவற்றையும் இழந்து வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்த நம் பிள்ளைகளும் இப்பரீட்சைக்குத் தோற்றினார்கள். கூடாரத்தின்கீழ் இருந்த தாய்மார் கொப்பிகளைத் தேடி அலைந்தது பேராசையினால் அன்று.

ஆதலால், பிள்ளையைப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்வது பிழையோ என்றால், பிழையன்று என்பேன். பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டில் போதித்திருக்கின்றது. கடமை உங்களுடையது. ஆனால் கடமை உங்களுடையதாயின், அதனை ரியூட்டரிக்காரரிடம் முற்றாக ஒப்படைத்துவிட்டு வாசலிற் காத்து நிற்பது எவ்வாறு பொருந்தும்?

இன்றைய நிலையைப் பாருங்கள். ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஆறில் அல்லது ஏழில் ஒருவர். முதலாம் வினாத்தாள் பிள்ளையின் நுண்ணறிவை அளப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. பயிற்சியினால் அன்றி, இயல்பான சிந்தனையினால் விடை காண வேண்டியது. அதற்கே மூன்றாந் தரத்திலிருந்து மாதிரி வினாத்தாள்களைச் செய்வித்து, விடையைச் சிந்திக்குமுன்னரே கை எழுதும்படி பழக்கிவிடுகிறோம். பணமுள்ளவர் கூடுதலாகப் பழக்குவர். ஏழைக்கென வைத்த ஏணியில் வசதியுள்ளவர் முந்தி ஏறிவிடுகின்றனர். பரீட்சைக்கு முந்திய நாள்களில் கருத்தரங்குகளையும் மேலதிக வகுப்புகளையும் தடைசெய்யப் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவித்தல் விடுக்க வேண்டியிருக்கின்றது. 2024ஆம் ஆண்டில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, அம்மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குமாறு ஆண்டிறுதியில் தீர்ப்பாயிற்று. பத்து வயதுப் பிள்ளைகளின் மூன்று கேள்விகளுக்காக வளர்ந்தவர்கள் நாம் பட்ட பாடு!

மத்தேயு நற்செய்தியில் செபதேயுவின் மனைவி தம் இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு ஆண்டவர்முன் பணிகிறார். ஒருவனுக்கு வலப்புறமும் மற்றவனுக்கு இடப்புறமும் ஆசனம் வேண்டுமென்கிறார். அத்தாயை நாம் எளிதில் ஏளனஞ் செய்கிறோம். ஆண்டவர் அவரை ஏசவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் முகத்தைத் திருப்பிப் பிள்ளைகளையே பார்த்து, தாம் பருகப்போகும் கிண்ணத்தை அவர்களாற் பருக முடியுமா என்று வினவுகிறார். ஆசனத்தைக் கேட்டவர் தாய். கிண்ணத்தைப் பருக வேண்டியவரோ பிள்ளைகள். இப்பகுதியைப் பல ஆண்டுகளாகப் பிரசங்கித்திருக்கிறேன். அந்தப் புத்தகப்பையைக் கண்ட அன்றுதான் இது எனக்கு உறைத்தது. இன்னொன்றும் உண்டு. சிலுவையடியில் தூரநின்று பார்த்த பெண்களுள் இதே தாயையும் மத்தேயு குறிப்பிடுகிறார். ஆசனம் கிடைக்காத பின்னரும் அவர் விலகிப்போகவில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன், வேறொரு பங்கில், பெறுபேறு வெளிவந்த அடுத்த ஞாயிறன்று, சித்தியெய்திய பிள்ளைகளின் பெயர்களைப் பிரசங்கத்தின் முடிவில் வாசித்தேன். ஏழு பெயர்கள். பங்கு மக்கள் கைதட்டினார்கள். அத்தரத்தில் நம் பங்குப் பிள்ளைகள் பத்தொன்பதுபேர் என்பதை யான் நினைத்துப் பார்க்கவில்லை. பீடத்தில் எனக்குப் பக்கத்தில் மணி பிடித்து நின்ற சிறுவன் அந்த ஏழுபேரில் ஒருவனல்லன். நான்கு புள்ளிகளினால் தவறியவன். அவன் அன்று மணியடிக்க மறந்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. வீட்டுக்குப் போனேன், என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுப் பின்வளவுக்கு ஓடிவிட்டதாகத் தாய் சொன்னார். 70 புள்ளிகளுக்குமேல் பெற்றவர்கள் சித்தியடைந்தவர்களே என்று சான்றிதழ் சொல்லுகின்றது, கோவில் சொல்லவில்லை. அவன் பீடத்துக்குத் திரும்ப ஏழெட்டு மாதங்கள் சென்றன. மறு ஆண்டு யான் பெயர் வாசிக்கவில்லை. அதற்காகச் சில பெற்றோர் என்னுடன் இன்றும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

ஆகையால், ஆயத்தஞ்செய்யுங்கள், எனினும் அளவறிந்து செய்யுங்கள். நான்காந் தரம் முடியும்வரை பிள்ளைக்குக் கதைப் புத்தகமும் முற்றத்து விளையாட்டுமே போதும். ஐந்தாந் தரத்தில் கடந்தகால வினாத்தாளை வீட்டில், உங்கள் பக்கத்தில் இருத்தி, ஆறுதலாகச் செய்வியுங்கள். எழுத்தறியாத தாயும் பக்கத்தில் இருக்கலாம். வலை பொத்திக்கொண்டும் இருக்கலாம். இரவு எட்டு மணிக்குப்பின் எந்தப் புத்தகமும் வேண்டாம். “எங்கடை மானத்தைக் காப்பாத்து” என்ற வார்த்தையைப் பிள்ளையின் காதில் போடாதிருங்கள். குடும்பத்தின் மானத்தைப் பத்து வயதுத் தோளில் ஏற்றலாகாது. பெறுபேறு வரும் நாளில், அது வருமுன்னரே, எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டுவிடுங்கள்.

அந்தத் தாயை மறுவாரம் அழைத்து ஏறத்தாழ இவற்றையே கூறினேன். மறைக்கல்விக்கு விலக்கு இல்லை என்றும் கூறினேன். ரியூசன் ஆசிரியரிடம் யானே சென்று ஞாயிறு வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். ஆனால் மற்றைய பெற்றோர் சம்மதிக்கவில்லை என்று கையை விரித்தார். தாய் நெடுநேரம் பேசாதிருந்து, “சரி சுவாமி, பாப்பம்” என்று போனார்.

சென்ற ஞாயிறு பையன் வந்திருந்தான். இரண்டாம் வாங்கில் அமர்ந்து, பாடம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள், பையின்மேல் தலைவைத்து உறங்கிப்போனான். மறைக்கல்வி ஆசிரியை அவனைத் தட்டி எழுப்பக் கையை நீட்டினார். எழுப்ப வேண்டாம் என்று யன்னலுக்கு வெளியே நின்று சைகை காட்டினேன்.