அக்குறணையில் வீடு, வலப்பனையில் வேலை: இடம்பெயர முன் கணக்குப் பார்ப்போம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வலப்பனையில் கண்டி பஸ் ஏறுவேன். ஹங்குராங்கெத்த வழியாக மலைப்பாதையில் இறங்கி, கண்டியில் பஸ் மாறி, கட்டுகஸ்தோட்டை நெரிசலைத் தாண்டி அக்குறணை வீட்டை அடையும்போது மஃரிப் முடிந்திருக்கும். ஞாயிறு ளுஹருக்குப் பிறகு மீண்டும் அதே பாதை. 2019இல் குடும்பத்தை அக்குறணைக்குக் கொண்டுவந்ததிலிருந்து ஐந்து இரவுகள் வாடகை அறையில், இரண்டு இரவுகள் பிள்ளைகளோடு என்று எனது வாரம் கழிகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, நுவரெலியா மாவட்டத்தில் வாழும் எம்மவர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "இனியும் இங்கே இருப்பதா, கண்டிப் பக்கமோ கொழும்புப் பக்கமோ போய்விடுவதா?" ஏற்கனவே போய்ப் பார்த்தவன் என்ற முறையில் சில விடயங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் நன்மைகளை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அக்குறணையில் பள்ளிவாசலும் மத்ரஸாவும் நடை தூரத்தில் இருக்கின்றன. ஹலால் உணவுக்கோ, பெண் பிள்ளைகளுக்கான முஸ்லிம் பாடசாலைக்கோ தேடி அலைய வேண்டியதில்லை. பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் கண்டி வைத்தியசாலை பத்துக் கிலோமீற்றர் அளவிலேயே இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர்களும் தனியார் வகுப்புகளும் கிடைக்கின்றன. வலப்பனை போன்ற இடத்தில் பிள்ளையை வளர்க்கும் எந்தத் தாயும் இவற்றைச் சாதாரணமாக எண்ண மாட்டாள்.

எனினும், எமது இடம்பெயர்வுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது முதலாம் தர அனுமதிதான். பிரபல பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கான இடங்களில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுகிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும், வீட்டு உறுதியோ வாடகை ஒப்பந்தமோ காட்ட வேண்டும். ஆகவே பிள்ளை பிறந்த கையோடு பெற்றோர் வீடு தேடத் தொடங்குகிறார்கள். எல்லோரும் அதே சில ஊர்களைத் தேடுவதால் அங்கே ஒரு பேர்ச் காணியின் விலை ஏறுகிறது. ஊரில் இருக்கும் பரம்பரைக் காணியை விற்று, இங்கே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு நிலம் ஒன்றை வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அந்த அவசரத்தில் நான் பார்க்கத் தவறிய கணக்கு ஒன்று உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகிறது. நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று, கண்டி அப்படியல்ல. எந்த மாவட்டத்தின் பிள்ளை என்பதைத் தீர்மானிப்பது, உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் கற்ற பாடசாலையே. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குக் கண்டியின் வெட்டுப்புள்ளி பொதுவாக நுவரெலியாவை விட உயர்வானது. எனது மூத்த மகள் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் இதன் பாரம் எனக்கு உறைத்தது. நல்ல ஆசிரியர்களைத் தேடி வந்தோம், கூடவே கடினமான போட்டியையும் வாங்கிக்கொண்டோம். மகளுக்கு இங்கே கிடைத்த கற்பித்தல் அந்த வித்தியாசத்தை ஈடுசெய்யுமா என்பது பெறுபேறு வரும்போதுதான் தெரியும். ஆனால் ஆசிரியனான நானே இதை முன்கூட்டி யோசிக்காதது என் தவறு.

இரண்டாவது கணக்கு, பாதை. உலகில் புறநகர்கள் வளர்ந்தது பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டித்தான். சென்னையில் 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது, அதை நம்பி ஊர்கள் பெருகின. கொழும்பில் தெஹிவளை, மொரட்டுவை மக்களுக்குக் கரையோர ரயில் இருக்கிறது. அக்குறணைக்கு அந்த வசதி இல்லை. கண்டி–மாத்தளை ரயில் வத்தேகம, உக்குவளை வழியாகப் போகிறது. எங்களுக்கு இருப்பதெல்லாம் ஏ9 வீதி ஒன்றுதான். பாடசாலை வேன், லொறி, யாழ்ப்பாணம் போகும் பஸ் எல்லாம் அந்த ஒரே வீதியில்தான். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரே நீரில் நிற்கும், அன்று யாரும் எங்கும் போக முடியாது.

2022ஐ மறந்திருக்க மாட்டோம். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்று, 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. அந்த மாதங்களில் சில வார இறுதிகளில் நான் வீட்டுக்கே போகவில்லை. வேலை ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலும் இருப்பவனின் குடும்ப வாழ்க்கை எரிபொருளில் ஓடுகிறது என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

மூன்றாவது, பாதுகாப்பு. "நம்மவர்கள் நிறைந்த இடம்" என்ற ஆறுதலைத் தேடித்தான் பலரும் வருகிறார்கள். ஆனால் 2018 மார்ச்சில் திகனயில் மூண்ட வன்முறை அக்குறணை வரை பரவியதைக் கண்டோம். கொழும்பின் ஓரத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி மக்கள் 2016 மே மாத வெள்ளத்தில் மூழ்கினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வலப்பனையும் பாதுகாப்பான இடமல்ல. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த பிரதேசங்களில் மண்சரிவு பல உயிர்களைப் பறித்தது. டித்வா நுவரெலியாவையும் கண்டியையும் சேர்த்தே தாக்கியது. ஆகவே மண்சரிவுக்குப் பயந்து கண்டிக்குப் போகிறோம் என்பவர்கள், வாங்கும் காணியைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுவிட்டே முற்பணம் கொடுக்க வேண்டும். தரகரின் வார்த்தை போதாது.

நான்காவது கணக்கை யாரும் பார்ப்பதில்லை. நாம் விட்டு வரும் ஊருக்கு என்ன ஆகிறது? தோட்டப் பகுதிகளை ஒட்டிய சிறு நகரங்களில் எம்மவர்கள் தலைமுறைகளாகக் கடை வைத்து வாழ்ந்தவர்கள். வசதியுள்ள குடும்பம் முதலில் போகிறது. அதோடு பள்ளிவாசல் நிர்வாகத்தில் கணக்கு எழுதத் தெரிந்தவர் போகிறார், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் குரல் கொடுத்தவர் போகிறார். மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியர் தொகையும் குறையும். ஆசிரியர் குறைந்தால் எஞ்சியவர்களும் போக நினைப்பார்கள். போக வசதியில்லாதவர்களின் பிள்ளைகள்தான் இறுதியில் மிஞ்சுகிறார்கள். திங்கட்கிழமை காலை என் முன்னால் உட்காருவது அந்தப் பிள்ளைகள்தான்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில், பாடசாலை இருக்கும் ஊரில் வாழ்ந்தால்தான் பிள்ளையின் வீட்டை அறிய முடியும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நான் ஊரில் ஐந்து நாட்கள் இருக்கிறேன், ஆனால் ஒரு விருந்தாளியாக. அக்குறணையிலும் என் மஹல்லாவில் பலருக்கு என் முகம் தெரியாது. இளைய மகன் சைக்கிள் ஓட்டப் பழகியதைக்கூட நான் தொலைபேசியில்தான் பார்த்தேன்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஆனால் ஒரு விடுதி செய்யக்கூடிய வேலைக்காக முழுக் குடும்பங்களும் வேரோடு பெயர்கின்றன. கண்டியைச் சூழவுள்ள நல்ல பாடசாலைகளுக்கு அருகில், மலையகத்தின் சிறு ஊர்களிலிருந்து வரும் மாணவியருக்குப் பாதுகாப்பான விடுதிகளை எமது நலன்புரி அமைப்புகள் அமைக்கலாம். சிறு நகரப் பாடசாலைகளுக்கு வரும் விஞ்ஞான, கணித ஆசிரியருக்குப் பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு தங்குமிடம் கொடுத்தாலே, அவர் இடமாற்றம் கேட்கும் நாள் தள்ளிப்போகும். இடம்பெயர்ந்தவர்களும் ஊர்ப் பள்ளிக்கும் பாடசாலைக்கும் மாதச் சந்தாவை நிறுத்தாமல் இருக்கலாம்.

இவற்றில் எதுவும் இல்லாத இன்றைய நிலையில், இடம்பெயர நினைக்கும் பெற்றோர் முதலாம் தரத்தோடு கணக்கை நிறுத்திவிட வேண்டாம். பிள்ளை உயர்தரம் எழுதும் நாள் வரை கூட்டிப் பாருங்கள். அதில் வாப்பா வீட்டில் இல்லாத இரவுகளையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.