இரும்பு காட்டிய சுழற்சி

2013 பிப்ரவரி கடைசியில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் எண் பத்திரிகைகளில் நன்றாகவே அடிபட்டது: 84 சதவீதம். என்ஜிசி 1365 என்ற கேலக்ஸியின் நடுவில், சுமார் 20 லட்சம் சூரியன்களின் எடையோடு உட்கார்ந்திருக்கும் கருந்துளை அவ்வளவு வேகமாகச் சுழல்கிறதாம். ஒளியின் வேகத்தில் 84 சதவீதம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படியல்ல. ஒரு கருந்துளை இதற்கு மேல் சுழல முடியாது என்று ஐன்ஸ்டைனின் கோட்பாடு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. அந்த உச்சத்தில் குறைந்தது 84 சதவீதம் என்பதுதான் கட்டுரை சொன்னது.

அதை எப்படி அளந்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். கருந்துளைக்கு மேற்பரப்பு கிடையாது. ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு அது எப்போது திரும்பி வருகிறது என்று பார்க்க வழியில்லை. கண்ணில் படுவதெல்லாம் உள்ளே விழப்போகும் வாயுதான். அது நேராக விழாமல், தட்டையான வட்டாகச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி நகர்கிறது. ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் நிலையான சுற்றுப்பாதை கிடையாது. அப்புறம் ஒரே சரிவு. அந்த எல்லை எங்கே என்பதைச் சுழற்சி தீர்மானிக்கிறது. இந்தத் துளை சுழலாமல் இருந்தால், வட்டின் உள்விளிம்பு சுமார் 1.8 கோடி கிலோமீட்டரில் நின்றுவிடும். 84 சதவீதத்தில் சுழன்றால் ஏறக்குறைய 80 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கி வரலாம். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு ராய் கெர் 1963-ல் கண்ட தீர்விலிருந்து வரும் கணக்கு இது. ஆக, விளிம்பை அளந்தால் சுழற்சி கிடைத்துவிடும்.

அளப்பதுதான் பாடு. என்ஜிசி 1365 சுமார் ஆறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே 80 லட்சம் கிலோமீட்டரைப் பிரித்துக் காட்டும் தொலைநோக்கி எதுவும் நம்மிடம் இல்லை. கைகொடுப்பது இரும்பு. துளையின் அருகிலுள்ள மிகச் சூடான வாயுவிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்கள் வட்டின் மேல் விழும்போது, அதிலுள்ள இரும்பு அணுக்கள் தம் பங்குக்கு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எக்ஸ் கதிரை உமிழ்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அது நிறமாலையில் ஒல்லியான கோடு. துளைக்குப் பக்கத்தில் கதையே வேறு. வட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி விரைகிறது, மறுபக்கம் விலகி ஓடுகிறது. போதாக்குறைக்கு ஈர்ப்பிலிருந்து மீண்டு வரும் கதிர் ஆற்றலை இழக்கிறது. கோடு அகன்று, குறைந்த ஆற்றல் பக்கம் வால் நீள்கிறது. விளிம்பு எவ்வளவு நெருக்கமோ, வால் அவ்வளவு நீளம். ஜப்பானின் அஸ்கா செயற்கைக்கோளைக் கொண்டு யசுவோ தனகாவும் கூட்டாளிகளும் 1995-ல் வேறொரு கேலக்ஸியில் இந்த வாலைத் தெளிவாகக் காட்டினார்கள்.

ஆனால் வாலை நம்பலாமா? குறுக்கே வரும் வாயு மேகங்கள் எக்ஸ் கதிரின் ஒரு பகுதியை விழுங்கினாலும் நிறமாலை இதே போல வளையும் என்று ஒரு சாரார் வாதாடினார்கள். வீம்புக்குச் சொன்னதல்ல, 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை மட்டும் பார்த்தால் இரண்டு விளக்கங்களும் பொருந்தின. அதிலும் என்ஜிசி 1365-ல் மேகங்கள் இருப்பது கண்டறிந்த விஷயம். கைடோ ரிசாலிட்டி என்ற இத்தாலியர் சந்திரா தொலைநோக்கியைக் கொண்டு, ஒரு மேகம் இரண்டே நாளில் அந்தத் துளையின் சுற்றுப்புறத்தை மறைத்துப் போனதை 2007-ல் எழுதியிருந்தார். (சந்திரா என்பது நம் மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர். கெர் கண்ட தீர்வோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி 1983-ல் தடித்த புத்தகம் போட்டவர்.)

2012-ல் நூஸ்டார் என்ற எக்ஸ் கதிர் தொலைநோக்கி ஏவப்பட்டது. 79 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கக்கூடியது. அதையும் ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டனையும் ஒரே நேரத்தில் என்ஜிசி 1365 பக்கம் திருப்பினார்கள். மேகங்கள் மட்டுமே காரணம் என்றால், உயர் ஆற்றலில் கண்ட பிரகாசத்துக்கு அவை நம்ப முடியாத அளவு தடிப்பாக இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் ஒளிமூலமோ அதைவிட நம்ப முடியாத அளவு பிரகாசமாக. அந்த விளக்கம் அங்கே விழுந்தது. அந்த ‘நேச்சர்’ கட்டுரையின் முதல் பெயர் யாருடையது தெரியுமா? மேகத்தைக் காட்டிய அதே ரிசாலிட்டிதான்.

இதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் பால்வீதியிலேயே இருக்கும் ஜிஆர்ஓ ஜே1655-40 என்ற சிறிய கருந்துளையை இரண்டு விதமாக அளந்திருக்கிறார்கள். வட்டின் வெப்ப ஒளியை வைத்து உள்விளிம்பின் பரப்பைக் கணித்தவர்களுக்குச் சுழற்சி, உச்சத்தை 1 என்று வைத்தால், 0.7 வாக்கில் வந்தது. இரும்புக் கோட்டை வைத்தவர்களுக்கு 0.9-க்கு மேல். ஒரே துளைக்கு இரண்டு சுழற்சி இருக்க முடியாது. வெப்ப முறைக்குத் துளையின் எடை, தொலைவு, வட்டின் சாய்வு மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் விடை நகரும். இரும்புக்கு எடையும் வேண்டாம், தொலைவும் வேண்டாம். அதனால் என் சாய்வு இரும்பின் பக்கம். ஆனால் வட்டின் மேல் எக்ஸ் கதிர் எந்த உயரத்திலிருந்து, எந்த வடிவத்தில் விழுகிறது என்பதை அந்த முறையும் ஊகித்துக்கொண்டுதான் தொடங்குகிறது.