கேமரா பெட்டிக்கும் கவனிப்பு வேண்டும்

சகோதரிகளே, எங்கள் திருவிடைமருதூரில் இப்போது பல வீட்டு வாசலில் கேமரா. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், அம்மா தனியாக இருக்கிறாளே என்று மாட்டிவிட்டுப் போகிறார்கள். மாட்டினதோடு சரி, அப்புறம் யார் கவனிக்கிறார்கள்?

படம் பதிவாகும் பெட்டியை நடத்த உள்ளே ஒரு புரோகிராம் உண்டு, 'ஃபர்ம்வேர்' என்பார்கள். அதில் ஓட்டை தெரிந்தால், கம்பெனி அதை அடைத்துப் புதிதாகக் கொடுக்கும். நாம் போட்டுக்கொள்ளாவிட்டால் ஓட்டை ஓட்டைதான். 2016-ல் 'மிராய்' என்ற கள்ளப் புரோகிராம், கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே மாற்றாத கேமராக்களிலும் பெட்டிகளிலும் லட்சக்கணக்கில் புகுந்தது. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் கேமராப் படங்களே வெளியே போனது தெரியவந்தது. கேட்கவே வயிறு பகீரென்கிறது, இல்லையா?

முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைப் பார்த்து, அதற்கு உரியதைக் கம்பெனியின் இணையதளத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். வேறு மாடலுக்கு உள்ளதைப் போட்டால் பெட்டி வேலை செய்யாமலே போகலாம். ஏற்றும்போது கரண்ட் போகக்கூடாது. மழைக்காலத்தில் நம் பக்கம் சொல்லவே வேண்டாம்! இன்வெர்ட்டரில் இணைத்துச் செய்வது நல்லது. முடிந்ததும் தேதி, நேரம் சரியா, பதிவு ஓடுகிறதா என்று பாருங்கள்.

பெட்டி பழசாகி, கம்பெனி புதிது கொடுப்பதை நிறுத்திவிட்டதா? இணையத் தொடர்பைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்குள் பதிவு நடந்துகொண்டிருக்கும். தாய் பால் கொடுக்கும் அறையில் மட்டும் கேமராவே வேண்டாம்.

கேஸ் டியூபை மாற்ற நாள் குறிக்கிறோமே, அதுபோல இதற்கும் காலண்டரில் ஒரு நாள் குறித்து வையுங்கள்.