சுவரோரத்து முகங்கள்

வீடற்றோர் என்றவுடன் மக்கள் மனத்தில் எழுவது ஒரு முகமன்று, ஒரு கூட்டம். சோம்பர் என்றும் குடியர் என்றும் அக்கூட்டம் முழுமைக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு உலகம் தன் வழியே நடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரிலும் இந்நிலையே இருந்தது. அக்கூட்டத்தைத் தனித்தனி மாந்தராகக் கண்டு காட்டியவர் லூக் பைல்ட்ஸ் என்னும் ஆங்கில ஓவியர்.

அந்நாளில் தங்க இடமில்லாத ஏழைகள் காவல் நிலையத்தில் சீட்டுப் பெற்று, ஏழையர் விடுதியின் வாயிலில் வரிசையாக நிற்பர். ஓரிரவு படுக்க இடம் கிடைக்கும். மறுநாள் கல்லுடைத்தோ, பழங்கயிற்றை நார் நாராகப் பிரித்தோ அதற்கு ஈடு செய்தல் வேண்டும். இவ்வரிசையை நேரிற் கண்ட பைல்ட்ஸ் அதனைச் சித்திரமாக வரைந்தார். அது 1869 டிசம்பரில் 'கிராபிக்' என்னும் வார இதழின் முதல் வெளியீட்டில் வந்தது. மில்லே என்ற ஓவியர் அதனைப் புதின ஆசிரியர் சார்லஸ் டிக்கின்ஸிடம் காட்டினார். டிக்கின்ஸ் தம் இறுதிப் புதினத்திற்குப் படம் வரைய அவ்விளைஞரையே அமர்த்திக்கொண்டார்.

பின்னர்ப் பைல்ட்ஸ் அதே காட்சியை ஏறத்தாழ 8 அடி அகலமுள்ள வண்ண ஓவியமாகத் தீட்டினார். மன்னர்க்கும் போர்களுக்கும் உரியதெனக் கருதப்பட்ட அளவு அது! தெருவில் அலைந்தோரையே தம் ஓவியக்கூடத்திற்கு அழைத்துவந்து, எதிரில் நிறுத்தி வரைந்தார். ஆதலின் அவ்வோவியத்தில் ஒரு முகம் போல் மற்றொன்று இல்லை. கைக்குழந்தையை அணைத்த தாய் ஒருத்தி. பிள்ளையைத் தோளில் ஏந்திய தந்தை. முன்னாளில் வாழ்ந்து கெட்டவர் போலும், உயர்ந்த தொப்பியணிந்து காவலரிடம் வழி கேட்கும் முதியவர். பின்சுவரில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டுள்ளன. கைவிடப்பட்ட குழந்தையைப் பற்றிய செய்திக்கு அறிவித்த பரிசினும், காணாமற்போன நாய்க்கு அறிவித்த பரிசு பெரிது.

வரிசையின் நடுவே பருத்த மனிதன் ஒருவன் நிற்கிறான். அவனைக் குடியன் என்றே காண்போர் கொள்வர். அவனை நீக்கியிருந்தால் ஓவியம் இன்னும் மிகுதியான இரக்கத்தை ஈட்டியிருக்கும், ஆயின் பொய்யாகியிருக்கும். நல்லோர் மட்டுமே இரக்கத்திற்கு உரியர் என்று ஓவியர் வழக்காடவில்லை. குடியன் ஒருவன் அருகில் நிற்பதனால் அத்தாயும் குடிப்பவள் ஆகிவிடுவாளோ? அன்றியும், பனி அவனுக்கு மட்டும் குளிராதோ?

1874-ஆம் ஆண்டு அரச கலைக்கழகத்தின் கண்காட்சியில் அவ்வோவியம் வைக்கப்பட்டது. இத்தகைய அவலம் கலைக்குப் பொருளாகாது என்று திறனாய்வாளர் சிலர் முகஞ்சுளித்தனர். கலையென்பது விருந்துக்கூடத்தை அணிசெய்வது மட்டுமே என்று எண்ணியவர்க்கு அது இயல்பே. பொதுமக்களோ நாள்தோறும் திரண்டு வந்தனர். தெருவில் அவ்வேழையரை ஏறிட்டும் பாராமற் சென்றவரும் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். நெருக்கடி தாங்காது, ஓவியத்தைக் காக்க அதன் முன்னே தடுப்பு வேலி அமைக்க வேண்டியதாயிற்று.