விஷவாயுவுக்கு என்ன சாதி?

"அந்தக் காலம் மாதிரியா இருக்கு? சமூகம் எவ்வளவோ முன்னேறிடுச்சு." கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் இதைக் கேட்கிறோம். சொல்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் சாதி பார்ப்பதில்லை என்று மனதார நம்பும் மாணவர்கள். நாம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் அபார்ட்மென்ட் செப்டிக் டேங்கை யார் சுத்தம் செய்கிறார்கள்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஏரிக்கரை வரை வீடுகள் வந்துவிட்டன. பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரிக்குப் போன் போகும். தண்ணீரைக் குழாய் உறிஞ்சிவிடும், அடியில் இறுகிய கசடு வராது. அப்போது ஒருவர் உள்ளே இறங்குகிறார். அவர் பெயர் அசோசியேஷன் செயலாளருக்குத் தெரியாது, சாதியும் தெரியாது. இந்தத் தெரியாமையைத்தான் சாதி ஒழிந்ததற்குச் சான்றாக நம்மிடம் காட்டுகிறார்கள்! ஊரில் பண்ணையார் பெயர் சொல்லி ஏவினார். இங்கே காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஒன்றிய அரசு நாடெங்கும் கணக்கெடுத்த சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2024இல் வெளிவந்த கணக்கு இது. மக்கள்தொகையில் நம் பங்கு சுமார் 17 விழுக்காடுதான். யாருமே சாதி பார்க்கவில்லை என்றால் இந்த 69 எங்கிருந்து வந்தது?

ஆவடிக்கு ஒரு வரலாறு உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் இங்கேதான் சோசலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. 1961இல் ராணுவ டாங்கித் தொழிற்சாலை வந்தது. போர் டாங்கி செய்யத் தெரிந்த நாட்டுக்குக் கசடு அள்ள இயந்திரம் செய்வது பெரிய வேலையா? மேன்ஹோலுக்குள் இறங்கும் ரோபோவைத் திருவனந்தபுரத்து இளைஞர்கள் 2018லேயே செய்து காட்டிவிட்டார்கள். நம் ஆள் அதைவிட மலிவு, அவ்வளவுதான்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. இரண்டாவது சட்டம் அமலுக்கு வந்தது டிசம்பர் 6, அண்ணல் நினைவு நாளில். சாக்கடை மரணத்துக்கு 2014இல் 10 லட்சம் கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது, ஆள் இறங்குவது நிற்கவில்லை. 1993 முதல் அதிக சாக்கடை மரணங்கள் பதிவான மாநிலம் பெரியார் மண் என்று நாம் பெருமை பேசும் தமிழ்நாடு. 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர், மனிதக் கழிவை அகற்றும் பணியில் யாரும் இறக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். சாக்கடையில் இறந்தவர்கள் வேறு கணக்காம்! செய்தித்தாளுக்கோ எப்போதும் ஒரே தலைப்பு: "விஷவாயு தாக்கி பலி". கொன்றது வாயு. இறக்கியவர் யார் என்பது செய்தியிலேயே இருக்காது.

"தலைமுறை மாறினால் சரியாகிவிடும்" என்பார்கள். 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் தாத்தாக்கள் அல்ல, அவனோடு படித்த பள்ளி மாணவர்கள்.

எதுவுமே மாறவில்லை என்று நாம் சொல்லவில்லை. பொதுச்சாலையில் நடக்கிறோம், பொதுக்கிணற்றில் நீர் எடுக்க உரிமை இருக்கிறது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அதன்பின் அரசாணை வந்ததால் கிடைத்தது அது. அதைச் 'சமூகம் முன்னேறியது' என்று சொன்னால், போராடியவர் பெயரை அழித்துவிட்டு, வழிமறித்தவர்களுக்கும் சேர்த்துப் பாராட்டு வழங்குகிறோம் என்று பொருள்.

தோழர்களே, அடுத்த முறை உங்கள் தெருவுக்கு லாரி வந்தால் மாடியிலிருந்து பார்க்காமல் கீழே போய் நில்லுங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்கினால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். படம் எடுங்கள், தொழிலாளியின் முகம் வேண்டாம், லாரி எண் போதும். 2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு நேரடியாக வேலைக்கு வைத்தவரை மட்டுமல்ல, மறைமுகமாக வைத்தவரையும் பிடிக்கும். புகாரில் காண்ட்ராக்டர் பெயருக்குக் கீழே அசோசியேஷன் செயலாளர் பெயரையும் எழுதுங்கள். அவர் உங்கள் அப்பாவாகவே இருந்தாலும்.