திருப்புளிக்கு ஒரு வக்காலத்து

நம் வீடுகளில் மிகவும் அவமதிக்கப்படும் சாமான் ஒன்று உண்டு. அரிவாள்மணைக்கு அடுக்களையில் ஓர் இடம் இருக்கிறது. துடைப்பத்துக்குக்கூடக் கதவு மூலையில் இடம் இருக்கிறது. திருப்புளி மட்டும் பரணில், துருப்பிடித்த ஆணிகளோடு கிடக்கிறது. தப்பித் தவறிப் பையன் அதைத் தேடி எடுத்துவிட்டால் வீடே அலறுகிறது: "டேய், அதைத் தொடாதே! வாரண்டி போயிடும்!"

வாரண்டி! அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்தப் பூச்சாண்டி இருந்தான். இப்போது அந்த உத்தியோகத்தை வாரண்டி பார்க்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு இல்லையென்றால், நாம் அதை வாங்கவில்லை; வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இந்த உரிமையைக் கம்பெனிக்காரன் பறித்துக்கொண்டான் என்பது பாதி உண்மை. மறு பாதியைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவர்கள், கௌரவமான நடுத்தரக் குடும்பத்துக்காரர்களாகிய நாம்தான்.

எங்கள் அயனம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. அம்பத்தூரில் 1949-லேயே சைக்கிள் கம்பெனி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் ஆவடி. அங்கே 1965-ல் டாங்கியே செய்து வெளியே ஓட்டினார்கள். லேத்துப் பட்டறையின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது. இந்த வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில்தான், ரிமோட்டுக்குப் பாட்டரி மாற்றவும் ஆள் தேடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கோடை வந்தால் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கும் வீடுகள் அவை. ஆனால் மோட்டார் போட்டவர் மறந்துபோவார். மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் வாசல் வரை வழிந்தோடும். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு கம்பிகளைத் தொங்கவிட்டாள். ஒரு டிரான்ஸிஸ்டர், ஒரு ரெஸிஸ்டர், ஒன்பது வோல்ட் பாட்டரி, ஒரு சின்ன பஸ்ஸர், அவ்வளவுதான் மூலதனம். தண்ணீர் ஏறி இரண்டு கம்பிகளையும் தொட்டால், அதன் வழியே துளி மின்சாரம் ஓடும். அந்தத் துளியை டிரான்ஸிஸ்டர் பெருக்கிக் கொடுக்கும், பஸ்ஸர் கத்தும், யாராவது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். பழைய சோப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்தது.

பதினைந்தாம் நாள் சங்கத்தின் கூட்டம் கூடியது. "நன்னா பண்ணியிருக்கேம்மா. ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்றார் ஒரு பெரியவர். ஒன்பது வோல்ட்டில் என்ன ஆகும் என்று கேட்கத் தெரிந்தவள் அந்தப் பெண் ஒருத்திதான்; பெரியவர்கள் நடுவில் அவளைப் பேச விடவில்லை. சோப்புப் பெட்டி இறங்கியது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கம்பெனிக் கருவி ஏறியது. இரண்டு மழைக்காலம் தாங்கிவிட்டு அது மௌன விரதம் பூண்டது. வந்து பார்த்த மெக்கானிக், "பசை போட்டு ஒட்டியிருக்கான் சார், திறந்தா உடைஞ்சுடும். புதுசா வாங்கிடுங்க" என்றார். தண்ணீர் மறுபடி வாசலுக்கு வந்தது. அந்தப் பெண் மட்டும் மாடிப் பக்கம் போகவில்லை. தொட்டி வழிந்ததல்ல, இதுதான் என்னை உறுத்துகிறது.

"கழற்றிப் பார்ப்பது விளையாட்டு, படிப்பு வேறு" என்பார்கள். சென்னைக்கு வானொலி எப்படி வந்தது என்று அவர்கள் அறிவார்களா? அரசாங்கம் கொண்டுவரவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் இங்கிலாந்திலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து ஒலிபரப்புக் கருவி அமைத்தார். அவரும் நண்பர்களும் 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அந்த ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்ப ஆரம்பித்தார்கள். பம்பாயில் பெரிய முதலீட்டோடு ஒலிபரப்புக் கம்பெனி நிலையம் திறந்தது 1927-ல்தான்!

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவின் கதை ஊரறிந்தது. ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊர்வலம் வரவில்லை. அக்கு அக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட மனிதரின் கல்லூரி அந்த மோட்டார் சைக்கிள்தான். "வாரண்டி போயிடும்" என்று அவர் கையைத் தட்டிவிட ஆள் இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம்.

இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? பள்ளிக் கண்காட்சிக்கு மாடல் வேண்டுமா, கடையில் தயாராகக் கிடைக்கிறது. என்ஜினீயரிங் கடைசி வருஷத்துக்குப் புராஜெக்ட் வேண்டுமா, அதையும் அறிக்கையோடு சேர்த்து விற்கிறார்கள். அண்ணா சாலையிலிருந்து நாலு எட்டு வைத்தால் ரிச்சி தெரு. சில ரூபாய்க்குப் பாகம் வாங்கி, பத்துத் தடவை தப்பாக இணைத்து, பதினோராவது தடவை விளக்கு எரிவதைப் பார்க்க முடிகிற தெரு அது. அந்தப் பத்துத் தப்பும்தான் கல்வி. நாமோ தப்பைக் கழித்துவிட்டு மார்க்கை மட்டும் விலைக்கு வாங்குகிறோம்.

அபாயம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மைக்ரோவேவ் அடுப்பின் கண்டென்ஸரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். செல்போன் பாட்டரியில் திருப்புளி குத்தினால் தீப்பிடிக்கும். ஆகவேதான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். கை சுடும் என்பதற்காக யாரும் சமையல் கற்றுக்கொள்ளாமல் இருக்கிறோமா? தெரியாதவனுக்குத்தான் எல்லாக் கருவியும் ஒரே மாதிரி அபாயம்.

உலகம் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. செல்போன் போன்ற சாமான்களை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்ற விதி பிரான்ஸில் 2021-ல் நடைமுறைக்கு வந்தது. 2027 பிப்ரவரியிலிருந்து பெரும்பாலான சிறு கருவிகளின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் சட்டம் செய்திருக்கிறது. ரிப்பேர் விவரங்களை ஒரே இடத்தில் தருவதற்காக நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கிற்று. எல்லாம் நல்லதே. ஆனால் எந்தச் சட்டமும் நம் வீட்டுப் பரணில் ஏறித் திருப்புளியை எடுத்துத் தராது.

ஆண்டுக்கு ஒரு நாள் அதை நாமே எடுக்கிறோம். ஆயுத பூஜையன்று துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டுகிறோம். மறுநாள் விஜயதசமி, வித்யாரம்பம். நாமோ குங்குமம் காய்வதற்குள் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். இந்த வருஷம் அப்படிச் செய்யாதீர்கள். பாட்டரியைக் கழற்றிவிட்டு, வீட்டில் ஓடாமல் கிடக்கும் கடிகாரத்தையோ பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோவையோ பையன் முன்னால் வையுங்கள். பெண் இருந்தால் அவள் முன்னாலும் வையுங்கள். திருப்புளியைக் கையில் கொடுங்கள். அப்புறம், தயவுசெய்து, சற்று நேரம் பேசாமல் இருங்கள்.