புகழும் யோக்கியதையும்

நமது நாட்டில் ஒருவருடைய யோக்கியதையை அறிந்து, பிறகு அவரைப் புகழுவது என்கின்ற வழக்கம் மிகவும் குறைவு. நாலு பேர் புகழ்ந்தால் ஐந்தாவது பேர்வழியும் புகழுவார். நாலு பேர் சும்மா இருந்தால் அவரும் சும்மா இருப்பார். பந்தாட்ட மைதானத்திலும் இதே கதைதான்.

ஓசூர் சிப்காட்டில் வேலை முடிந்து டீக்கடைக்கு வரும் வாலிபர்களைக் கேட்டுப் பாருங்கள். ரொனால்டோ, மெஸ்ஸி என்கின்ற பெயர்கள் தடையில்லாமல் வரும். ஆனால் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கின்ற பெங்களூரில், 2013 முதல் அந்நகரக் குழுவுக்காகப் பல ஆண்டுகள் ஆடிய சுனில் சேத்ரியை நேரில் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? 2024 ஜூன் 6-ந் தேதி கல்கத்தாவில் குவைத்துடன் ஆடி அவர் விடைபெற்றபோது, இந்தியாவுக்காக அவர் போட்டிருந்த கோல்கள் 94. அன்று உலகில் ஆடிக்கொண்டிருந்த ஆண்களில் அவரைவிட அதிகம் போட்டிருந்தவர்கள் மேற்சொன்ன இருவரே. 2025-இல் அவர் மறுபடியும் நாட்டுக்காக ஆட வந்தார்.

"இளைத்த நாடுகளோடு ஆடிப் போட்ட கோல்தானே" என்று சிலர் சொல்லுவார்கள். அது நியாயமான ஆட்சேபனையே. எண்ணிக்கையை மாத்திரம் பார்த்து அவரை மெஸ்ஸிக்குச் சமம் என்பது பகுத்தறிவாகாது. ஆனால் அப்படிப்பட்ட நாடுகளோடு ஆடிய மற்ற இந்திய ஆண்களில் ஒருவர்கூட அதில் பாதியை எட்டவில்லையே, அதற்கு என்ன பதில்?

நிற்க, 2018 ஜூன் 1-ந் தேதி பம்பாயில் சீன தைப்பேயை இந்தியா 5-0 என்று ஜெயித்தது. மூன்று கோல் சேத்ரியுடையது. பார்க்க வந்தவர்களோ சுமார் 2,500 பேர்! மறுநாள் அவர், "எங்களை வையுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்" என்கின்ற கருத்தில் வேண்டிக்கொண்டார். ஜூன் 4-ந் தேதி கென்யாவோடு நடந்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுப்போய்விட்டது. இந்த மூன்று நாளில் அவருடைய கால் மாறிவிட்டதா? இல்லை. கூட்டத்தின் மனந்தான் மாறிற்று. ஆகவே கூட்டம் என்பது திறமைக்கு அளவுகோல் ஆகுமா?

கேட்டு வாங்கியாவது அவருக்குக் கூட்டம் கிடைத்தது. அதே 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து தேசியப் பட்டம் பெற்ற தமிழ்நாட்டுப் பெண்கள் குழுவின் பெயர் எந்த டீக்கடையில் அடிபட்டது? 2023-இலும் அரியானாவை ஜெயித்து அப்பட்டத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். அக்குழுவில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசனை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண் ஆடினால் வீரம், பெண் ஆடினால் வேடிக்கை என்கின்ற புத்திதானே இதற்குக் காரணம்?

தோழர்களே! யாரையும் தலையில் வைத்துக் கூத்தாட வேண்டாம். சேத்ரிக்கும் அது வேண்டியதில்லை. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ நம் பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், பந்து உதைக்கும் மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்று கண்ணால் பாருங்கள். பிறகு புகழுவதா இகழுவதா என்பதை உங்கள் சொந்த அறிவைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.